சுவர் ஏன் வியர்க்கிறது?

இடவப்பாதி மழை தொடங்கிவிட்டால் மூணாறு, தேவிகுளம், பீருமேடு பக்கத்து லயங்களில் நம்மவர்கள் செய்யும் முதல் வேலை ஒன்று உண்டு. கடைத்தெருவில் பிளாஸ்டிக் தார்ப்பாய் வாங்கி வந்து, சாரல் அடிக்கும் பக்கத்துச் சுவரில் ஆணி அடித்துக் கட்டுவார்கள். சிலர் உள்ளே, படுக்கும் இடத்துச் சுவரிலும் ஒரு ஷீட்டை இழுத்து ஒட்டிவிடுவார்கள். இந்த வருஷமாவது பிள்ளைகள் ஈரமில்லாமல் தூங்கட்டும் என்ற ஆசைதான்.

மலையிலிருந்து இறங்கிப் பாலக்காட்டுக்கு வந்தாலும் கதை வேறல்ல. கஞ்சிக்கோட்டில் தொழிற்சாலை வேலை, வாளையாற்றிலோ கொழிஞ்சாம்பாறையிலோ வாடகை வீடு. சித்திரையில் அடித்த பெயிண்ட் ஓணத்துக்குள் கொப்பளித்துவிடுகிறது. சுவரின் அடியில் உப்புப் பூக்கிறது. பீரோவுக்குப் பின்னால் கறுப்புப் பூஞ்சணம் படர்கிறது. பெட்டியில் வைத்த பள்ளிக்கூடச் சர்டிபிகேட்டை எடுத்துப் பார்த்தால் முடைநாற்றம்.

இதில் விசித்திரம் என்னவென்றால், தார்ப்பாய் கட்டிய வீட்டிலும் சுவர் நனைகிறது. சில வீடுகளில் கட்டாத வருஷத்தைவிட அதிகமாகவே நனைகிறது! காசும் போய், ஈரமும் போகாமல் நிற்பதற்குக் காரணம் என்ன? கொஞ்சம் விவரமாகப் பார்ப்போம்.

மழை மட்டும் குற்றவாளி அல்ல

சுவருக்குள் ஈரம் வருவதற்கு நான்கு வழிகள் இருக்கின்றன. வெளியிலிருந்து அடிக்கும் மழை ஒன்று. தரையிலிருந்து ஊறி ஏறும் ஈரம் இரண்டு. சந்துபொந்துகள் வழியாக நுழையும் காற்று, தன்னோடு சுமந்து வரும் நீராவி மூன்று. வீட்டுக்குள்ளேயே நாம் உண்டாக்கும் ஆவி, குளிர்ந்த சுவரில் பட்டுத் தண்ணீராவது நான்கு.

முதலாவதை எல்லோரும் அறிவோம். கஞ்சிக்கோட்டிலும் ராமக்கல்மேட்டிலும் காற்றாலைகளை நட்டிருக்கிறார்களே, அது ஏன்? பாலக்காட்டுக் கணவாய் 30 கிலோமீட்டருக்கு மேல் அகலமான ஒரு வாசல். மலைத்தொடரில் பல இடங்களில் தடைபடும் மேல்காற்று இங்கே தாராளமாக நுழைகிறது. இடுக்கியின் எல்லை முகடுகளிலும் அப்படித்தான். காற்றாலையைச் சுற்றும் அதே காற்றுதான் நம் வீட்டு மேற்குச் சுவரில் மழையை அறைகிறது.

மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் அடிக்கும் காற்று, ஒரு சதுர மீட்டர் சுவரைச் சுமார் 7 கிலோ எடை வைத்ததுபோல் அழுத்தும். அந்த அழுத்தம் ஒரு விரிசலில் தண்ணீரை 7 மில்லிமீட்டர் உயரத்துக்கு மேல்நோக்கித் தள்ளிவிடும். மயிரிழை விரிசல்தானே, ஜன்னல் கட்டைக்கும் சுவருக்கும் இடையே சிறு சந்துதானே என்று அலட்சியமாக இருக்க முடியாது.

வீட்டுக்குள் பெய்யும் மழை

நான்காவது வழியைத்தான் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. சூடான காற்று நீராவியை அதிகம் தாங்கும். குளிர்ந்த காற்று குறைவாகத் தாங்கும். 30 டிகிரி சென்டிகிரேடில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 30 கிராம் ஆவியைத் தாங்கும். 20 டிகிரியில் 17 கிராம். 10 டிகிரியில் 9 கிராம்தான். தாங்க முடியாத மிச்சம் தண்ணீராக எங்காவது இறங்கியாக வேண்டும். அறையிலேயே குளிர்ந்த இடம் எதுவோ அங்கே இறங்கும். மூணாற்றில் அது வெளிச்சுவரும் தகரக் கூரையும்தான்.

ஆவி எங்கிருந்து வருகிறது? தூங்கும் ஒரு மனிதரின் மூச்சிலும் தோலிலும் இருந்து ஓர் இரவில் கால் லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் வெளியேறுகிறது. ஐந்து பேர் ஓர் அறையில் படுத்தால் விடிவதற்குள் ஒரு லிட்டருக்கு மேல். அடுப்பில் கொதிக்கும் சோற்றுப் பானை வேறு. கொடியில் காயப்போட்ட துணி வேறு. காஸ் அடுப்பு ஈரத்தைப் போக்கும் என்று நினைக்கிறோம், உண்மை தலைகீழ். ஒரு கிலோ சமையல் காஸ் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நீராவி உண்டாகிறது. ஒரு சிலிண்டர் தீரும்போது ஏறக்குறைய 22 லிட்டர் தண்ணீரை அது வீட்டுக்குள் ஆவியாகக் கொட்டியிருக்கும்!

அறையில் 20 டிகிரி வெப்பமும் கன மீட்டருக்கு 12 கிராம் ஆவியும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். சுவர் 14 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தால் போதும், வியர்க்கத் தொடங்கிவிடும். மலையில் குளிர்ந்த மழைக்கால இரவுகளில் இப்படி நடக்கலாம்.

கொழுந்துக்காரிக்குத் தெரிந்த பாடம்

தார்ப்பாய் ஏன் தோற்கிறது என்பதை விளக்க விஞ்ஞானியைத் தேடிப் போக வேண்டாம். மழையில் கொழுந்து எடுக்கும் நம் பெண்களைக் கேட்டால் போதும். தலையிலிருந்து முழங்கால்வரை பிளாஸ்டிக் ஷீட்டைச் சுற்றிக் கட்டிக்கொண்டு மலை ஏறுகிறார்கள். மத்தியானம் ஷீட்டை அவிழ்த்தால் உள்ளே சேலை ஈரம். மழை உள்ளே வரவில்லை. வியர்வை வெளியே போகவில்லை.

சுவரும் அப்படியே. பிளாஸ்டிக்கை ஒட்டினால் வெளி மழை நிற்கும். ஆனால் தரையிலிருந்து ஏறிய ஈரமும், உள்ளிருந்து போன ஆவியும் ஷீட்டுக்குப் பின்னால் சிறைப்படும். காய வழியில்லாத சுவரில் பூஞ்சணம் குடியேறும். பெயிண்ட் விஷயமும் இதேதான். ஈரம் ஊறும் சுவரில் கெட்டியான எனாமல் பெயிண்டோ பிளாஸ்டிக் பெயிண்டோ அடித்தால், அது சுவரின் மூச்சை அடைக்கும். பிறகு தானே கொப்பளித்து உரியும்.

மேல்நாட்டுக் கட்டட உறை

குளிர் நாடுகளில் மரச் சட்டம் நிறுத்திப் பலகை அடித்துக் கட்டும் வீடுகளே அதிகம். முன்பு பலகைக்குள்ளே தார்க் காகிதம் சுற்றினார்கள். அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தில் 1955இல் ஒரு புதிய பொருள் தற்செயலாகக் கண்ணில் பட்டது. மிக நுண்ணிய பாலிஎத்திலீன் இழைகளை நெருக்கி, சூட்டில் இணைத்துச் செய்த தாள் அது. டைவெக் என்ற பெயரில் 1967இல் விற்பனைக்கு வந்தது. பிறகு வேறு நிறுவனங்களும் இத்தகைய உறைகளைச் செய்தன.

இதன் சூட்சுமம் எளிது. இழைகளுக்கு இடையே உள்ள துளைகளில் மழைத்துளி நுழையாது. காற்றின் வேகமும் அடங்கும். ஆனால் தனித்தனியாக அலையும் நீராவி அணுத்திரள் நுழைந்து வெளியேறிவிடும். பிளாஸ்டிக் ஷீட்டால் முடியாத காரியம் இது.

சுற்றுவதற்கும் முறை உண்டு. கீழ்ப்பட்டையை முதலில் அடித்து, மேல்பட்டையை அதன்மேல் படியும்படி அடிக்க வேண்டும், ஓடு வேய்வதுபோல. இணைப்புகளை அதற்குரிய டேப் வைத்து மூட வேண்டும். ஜன்னல், கதவு ஓரங்களை மடித்து அடைக்க வேண்டும். வெளிப் பலகைக்கும் உறைக்கும் நடுவே விரல் அகலம் இடைவெளி விட்டால், தப்பி வந்த தண்ணீர் வடிந்து காய்ந்துவிடும்.

இரும்புச் சட்டத்தில் சிமெண்ட் போர்டு அடித்து வீடு கட்ட நினைப்பவர்கள், கண்டிராக்டரிடம் இந்த உறையைப் பற்றி முன்கூட்டியே கேட்க வேண்டும். போர்டை அடித்த பிறகு நினைத்துப் பயனில்லை. கல்லும் செங்கல்லும் வைத்துக் கட்டிய கெட்டிச் சுவருக்கோ இது தேவைப்படாது. ஆனால் அது சொல்லும் விதி எல்லாச் சுவருக்கும் பொருந்தும்: மழையைத் தடு, ஆவியைச் சிறை வைக்காதே.

பாட்டன் காலத்து ஓலைத் தட்டி

இந்த விதி நமக்குப் புதிதா என்ன? மண் சுவர் வீடுகளில் மழைக்காலத்துக்கு முன் மேற்குப் பக்கம் ஓலைத் தட்டி கட்டுவது பழைய வழக்கம். தட்டி சுவரில் ஒட்டாது, சற்றுத் தள்ளி நிற்கும். மழை ஓலையில் வழிந்துவிடும். நடுவே காற்று போய் வரும். பழைய வீடுகளின் அகலமான இறவானமும் சுவருக்குப் பிடித்த குடைதான்.

லாரி பேக்கர் இதை நன்றாக உணர்ந்த கட்டடக் கலைஞர். இங்கிலாந்தில் 1917இல் பிறந்த அவர், திருவனந்தபுரத்தில் குடியேறுவதற்கு முன் 1960களில் சில ஆண்டுகள் நம் இடுக்கி மலையில், வாகமண்ணில் வாழ்ந்தார். நீண்ட இறவானம், காற்றோடும் செங்கல் ஜாலி, நடுவில் வெற்றிடம் விட்டு அடுக்கும் செங்கல் சுவர் என்று உள்ளூர்க் கொத்தனார் கையாலேயே குறைந்த செலவில் கட்டிக் காட்டினார். 1990இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவர் 2007இல் காலமானார்.

நோயைக் கண்டுபிடித்து மருந்து கொடுங்கள்

செலவு செய்வதற்கு முன் ஒரு சோதனை. ஈரமான இடத்தைத் துடைத்து, ஒரு முழச் சதுரம் பிளாஸ்டிக் துண்டை நான்கு ஓரமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டுங்கள். இரண்டு நாள் விடுங்கள். அறைப் பக்கம் நீர்த்துளி நின்றால், அது வீட்டு ஆவி. சுவர்ப் பக்கம் நின்றால், சுவருக்குள்ளிருந்து வரும் ஈரம். இரண்டுக்கும் மருந்து வேறு.

வீட்டு ஆவி என்றால் காற்றோட்டமே மருந்து. வெளியே மஞ்சு மூடியிருக்கிறதே, ஜன்னலைத் திறந்தால் ஈரம் வராதா என்று கேட்கலாம். 15 டிகிரி மஞ்சுக் காற்றில் கன மீட்டருக்கு 13 கிராம்தான் ஆவி. அது 20 டிகிரி அறைக்குள் வந்து சூடேறினால், தாங்கக்கூடியதில் முக்கால் பங்குதான் நிறைந்திருக்கும். ஆகவே சமைத்து முடித்ததும், காலையில் எழுந்ததும், பத்து நிமிஷம் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து வைப்பது மலையில் லாபமே. பீரோவைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வையுங்கள். துணியைப் படுக்கும் அறையில் காயப்போடாதீர்கள்.

சுவருக்குள்ளிருந்து வரும் ஈரம் என்றால் முதலில் வீட்டின் பின்புறம் போய்ப் பாருங்கள். மலையை வெட்டிக் கட்டிய லயங்களில் பின்சுவரோடு மண் சரிந்து ஒட்டிக் கிடக்கும். அந்த மண்ணை அகற்றி, கான் வெட்டித் தண்ணீரை விலக்காமல் எந்தப் பெயிண்டும் நிற்காது. விரிசலையும் ஜன்னல் ஓரத்தையும் அடையுங்கள். காய்ந்த பிறகு சுண்ணாம்பு அடியுங்கள். அது சுவரை மூச்சுவிட வைக்கும். தார்ப்பாய் கட்டியே தீர வேண்டுமென்றால், மரச் சட்டம் வைத்து ஒரு சாண் தள்ளிக் கட்டுங்கள். மேலும் கீழும் திறந்திருக்கட்டும்.

ஓய்வுக்காலப் பணத்தில் சொந்த வீடு கட்டுபவர்கள், அஸ்திவாரத்துக்கு மேல் சுவர் எழுப்பும் முன் ஈரத்தடுப்புப் பூச்சைக் கட்டாயம் போடச் சொல்லுங்கள். பின்னால் சேர்ப்பது மிகக் கடினம்.

பாலக்காட்டில் ஏ.சி. வைத்தவர்களுக்குக் கணக்கு நேர்மாறு. அங்கே வெளிக்காற்றில்தான் ஆவி அதிகம். அது குளிர்ந்த அறையை நோக்கி வருகிறது. ஏ.சி. ஓடும்போது ஜன்னலை மூடுங்கள். அந்த அறையின் உட்சுவரில் பிளாஸ்டிக் காகிதம் ஒட்டாதீர்கள். அதன் பின்னால் பூஞ்சணம் பிடிக்கும்.

ஓர் எச்சரிக்கை. குளிருக்குப் பயந்து எல்லாச் சந்தையும் அடைத்துவிட்டு, அறைக்குள் கரி நெருப்புச் சட்டி வைத்துத் தூங்காதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு வாசனையில்லாமல் உயிரைக் குடிக்கும்.

சுவரும் சுவாசமும்

ஈரச் சுவர் வெறும் அழகுக் குறைவு அல்ல. ஈரமும் பூஞ்சணமும் உள்ள வீடுகளில் இருமல், இழுப்பு, ஆஸ்துமா அதிகம் காணப்படுவதாக உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டி கூறுகிறது. குழந்தைக்கு மாதம் இருமுறை மருந்து வாங்குகிறோம். அதன் தலைமாட்டுச் சுவரைப் பார்ப்பதில்லை.

இத்தனையும் தொழிலாளி மட்டுமே தலையில் சுமக்க வேண்டியதும் அல்ல. தோட்டத் தொழிலாளிக்கு வீடு கொடுப்பதோடு அதைப் பழுதுபார்ப்பதும் முதலாளியின் கடமை என்று 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வகுத்தது. 2020இல் நிறைவேறிய தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் தோட்டத் தொழிலாளர் வீட்டு வசதி இடம்பெற்றிருக்கிறது. கான் வெட்டுவது, கூரை மாற்றுவது போன்ற பெரிய வேலைகளை வாயால் கேட்காமல், தேதி போட்டு எழுத்தில் கொடுங்கள்; நகல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். எழுதத் தெரியாதவருக்கு நம் குமாஸ்தா நண்பர்கள் எழுதித் தரலாம்.

அடுத்த மழைக்கு இன்னும் நாள் இருக்கிறது என்று இருந்துவிட வேண்டாம். தார்ப்பாய்க் கடைக்குப் போகும் முன், ஒரு முழம் பிளாஸ்டிக் துண்டை ஒட்டிப் பாருங்கள். ஈரம் எங்கிருந்து வருகிறது என்று சுவரே சொல்லும்.