அப்பத்தாவின் கையெழுத்தில் ஒரு லக்கேஜ் டேக்

வழக்கமா கோடிங், கேட்ஜெட் என்று பேசுற நான் இன்னைக்கு ஊசி நூலோட வந்திருக்கேன். சிரிக்காதீங்க, காரணம் இருக்கு.

அக்காவுக்கு சிங்கப்பூரில் குழந்தை பிறந்திருக்கு. பார்க்க அப்பத்தா கிளம்பினாங்க. எங்க யாருக்கும் லீவ் கிடைக்கலை. எழுபது தாண்டியவங்க, முதல் விமானப் பயணம், திருச்சியிலிருந்து தனியா. வீல்சேர் உதவி புக் பண்ணியாச்சு. ஆனா பெல்ட் பக்கத்தில் உதவியாளர் "உங்க பெட்டி எதும்மா?" என்று கேட்டா, கை காட்ட வேண்டியது அவங்கதான்.

எனக்கு ஏன் இந்தப் பயம்? போன வருஷம் அப்பா ஒரு பயணம் முடிச்சு, தன்னோடது மாதிரியே இருந்த வேற யாரோட கறுப்புப் பெட்டியையோ தூக்கிட்டு வந்துட்டார். இரண்டு பெட்டியிலும் பெயரும் இல்லை, நம்பரும் இல்லை. சரியான பெட்டி திரும்பி வர நாலு நாள் ஆச்சு. அவரோட பிபி மாத்திரை அதுக்குள்ளே இருந்தது. அதனால முதல் பாடம்: மாத்திரை எப்பவும் கைப்பையில்தான்.

ஸ்டிக்கர் இருக்கே, டேக் எதுக்கு?

செக்-இன் கவுன்டரில் ஒட்டுற ஸ்டிக்கரில் 10 இலக்க எண் இருக்கும். முதல் இலக்கத்தை விட்டுட்டா, அடுத்த மூணும் விமான நிறுவனத்தோட குறியீடு. கடைசி ஆறு பெட்டிக்கான எண். நம்ம பாஷையில் சொன்னா பிரைமரி கீ. அதை ஸ்கேனர் படிக்கும், அப்பத்தா படிக்க மாட்டாங்க. பழைய பயணத்து ஸ்டிக்கர் இருந்தா கிழிச்சுடுங்க, ஸ்கேனர் தப்பான பார்கோடைப் படிச்சுட வாய்ப்பிருக்கு.

மனுஷங்களுக்கான அடையாளம் தனி. அது இரண்டு வேலை செய்யணும்: தூரத்திலிருந்தே சொந்தக்காரருக்குத் தெரியணும், வேற யார் கையில் கிடைச்சாலும் நம்மைக் கூப்பிட வழி இருக்கணும். சிவப்பு ரிப்பன் கட்டலாமே என்பீங்க. பெல்ட்டைப் பாருங்க, எல்லாருக்கும் அதே ஐடியாதான்.

என்ன வாங்கணும்

வெளிர் நிறத்தில் கொஞ்சம் கெட்டியான காடாத் துணி. எம்பிராய்டரி வளையம் ஒன்று. எம்பிராய்டரி நூல், அடர் சிவப்பு. டெய்லர்கள் பிளவுஸ் கழுத்துக்கு உள்ளே வைக்கிற கேன்வாஸ், இஸ்திரி போட்டா ஒட்டிக்கிற வகை. பள்ளிப் பைக்குத் தைக்கிற நைலான் நாடா, 30 சென்டிமீட்டர். ஃபேன்சி ஸ்டோரிலும் தையல் சாமான் கடையிலும் இதெல்லாம் கிடைக்கும். பின்பக்கத்துக்கு அப்பத்தாவோட கிழிஞ்ச சுங்குடிச் சேலையில் ஒரு துண்டு எடுத்துக்கிட்டேன்.

நான் சொதப்பினது

எம்பிராய்டரி நூல்கண்டில் ஆறு இழை சேர்ந்து இருக்கும். பிரிக்கணும்னு தெரியாம ஆறையும் கோர்த்துட்டேன். தமிழ் எழுத்தில் சுழி அதிகம். அப்பத்தா பேரோட கடைசி எழுத்து "ள்". அந்தச் சுழி அடைஞ்சு வெறும் சிவப்புக் கட்டியா நின்னுச்சு. பிரிச்சுட்டு மூணு இழையில் மறுபடி போட்டேன், சரியா வந்துச்சு. ஒவ்வொரு எழுத்தும் ஒன்றரை சென்டிமீட்டர் உயரமாவது இருக்கட்டும்.

அதைவிடப் பெரிய தப்பு ஒண்ணு இருக்கு. லேப்டாப்பில் அழகான ஃபான்ட் தேடி, அதைப் பார்த்துத் தைச்சு, பெருமையா கொண்டுபோய்க் காட்டினேன். அப்பத்தா ஒவ்வொரு எழுத்தா விரல் வச்சுக் கூட்டிப் படிச்சாங்க. கடைசியில், "ஓ, என் பேரா?" என்றாங்க. நின்னு படிக்கும்போதே இவ்வளவு நேரம்னா, பெல்ட்டில் சுத்தி வரும்போது?

அப்பத்தா பள்ளிக்கூடம் போனதில்லை. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தப்போ, ராத்திரி வகுப்பில் உட்கார்ந்து எழுதக் கத்துக்கிட்டவங்க. கைநாட்டு வச்ச இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட ஆரம்பிச்சாங்க. அவங்க யோசிக்காம அடையாளம் கண்டுபிடிக்கிற எழுத்து ஒண்ணு உண்டுன்னா அது அந்தக் கையெழுத்துதான். ஸ்கெட்ச் பேனாவைக் கொடுத்து, "பேங்க்ல போடுற மாதிரி போடுங்க அப்பத்தா" என்றேன்.

தைக்கிற முறை

அந்தத் தாளை ஜெராக்ஸ் கடையில் பெரிசாக்கிக்கிட்டேன். பகலில் ஜன்னல் கண்ணாடியில் தாளை ஒட்டி, மேலே துணியை வச்சா எழுத்து தெரியும். பென்சிலால் வரைஞ்சுக்கலாம். கோணல் இருந்தா திருத்தாதீங்க, அந்தக் கோணல்தான் அடையாளம்.

துணியை வளையத்தில் தப்பட்டை மாதிரி இறுக்கிக்கங்க. நான் போட்டது பேக் ஸ்டிச். ஊசி ஒரு தையல் தூரம் முன்னால் மேலே வரும், பிறகு முந்தின தையல் முடிஞ்ச அதே ஓட்டைக்குப் பின்னால் போய் இறங்கும். இடைவெளி இல்லாத கோடு கிடைக்கும். நேர்கோட்டில் 4 மில்லிமீட்டர், சுழியில் 2 மில்லிமீட்டர். ஒவ்வொரு தையலும் ஒரு சின்ன நேர்கோடுதானே. கோடு சின்னதா இருந்தாதான் வளைவு வளைவாத் தெரியும். கம்ப்யூட்டர் திரையிலும் வட்டத்தை இப்படித்தான் வரையறோம்.

புள்ளிக்கு முடிச்சுத் தையல். நூலை ஊசியில் இரண்டு சுற்று சுத்தி, வந்த ஓட்டைக்குப் பக்கத்திலேயே இறக்கணும். அதே ஓட்டையில் இறக்கினா முடிச்சு உள்ளே போயிடும். புள்ளியை மட்டும் விட்டுடாதீங்க, பேரே மாறிடும்.

முடிஞ்சதும் கெட்டியான துண்டின் மேலே எம்பிராய்டரியைக் கவிழ்த்து வச்சு, பின்பக்கம் கேன்வாஸை இஸ்திரி போட்டு ஒட்டுங்க. துண்டு இருந்தா தையல் நசுங்காது. டேக் 10க்கு 6 சென்டிமீட்டர். வெட்டும்போது நாலு பக்கமும் ஒரு சென்டிமீட்டர் கூடுதலா விடணும். இரண்டு துணியையும் நல்ல பக்கம் உள்ளே பார்க்க வச்சு, மூணு பக்கம் தைச்சுத் திருப்புங்க. நாலாவது பக்கத்தில், மடிச்ச நாடாவின் இரண்டு முனையையும் உள்ளே வச்சு மூடணும். இழுபடுற இடம் இதுதான். அதனால் தெருமுனை டெய்லர்கிட்ட கொடுத்து, மெஷினில் சதுரம் அடிச்சு, நடுவில் பெருக்கல் குறி போடச் சொன்னேன். மாட்டும்போது நாடாவைக் கைப்பிடியில் சுத்தி, அதோட வளையத்துக்குள்ளேயே டேக்கை நுழைச்சு இழுத்துடுங்க. நீளமாத் தொங்கினா எங்கேயாவது மாட்டி அறுந்துடும்.

பின்பக்கம் என்ன எழுதணும்

வீட்டு முகவரி வேண்டாம். "இந்த வீட்டில் இப்போ ஆள் இல்லை" என்று ஊருக்கே அறிவிக்கிற மாதிரி ஆயிடும். போன் நம்பர் போதும், நாட்டுக் குறியீட்டோட. ப்ளஸ் 65 போட்டு அக்கா நம்பர், ப்ளஸ் 91 போட்டு என் நம்பர். தைக்கிறதுக்கு முன்னாடியே வெள்ளைத் துணிப் பட்டையில் அழியாத மார்க்கரால் எழுதி, பின்பக்கத் துணியில் தைச்சுட்டேன். அதே விவரத்தை ஒரு தாளில் எழுதிப் பெட்டிக்குள்ளேயும் வச்சேன். டேக் அறுந்தாலும் அது இருக்கும்.

அப்பத்தா போய்ச் சேர்ந்ததும் அக்கா போனிலிருந்து வாய்ஸ் நோட் வந்துச்சு. "என் எழுத்து சுத்திச் சுத்தி வந்துச்சுய்யா. தூரத்திலேயே காமிச்சுட்டேன்."

மொத்தம் இரண்டு சாயங்காலம் ஆச்சு, பிரிச்சுத் தைச்சதையும் சேர்த்து. உங்க வீட்டிலும் யாராவது கிளம்புறாங்கன்னா, ஊசியை எடுக்கிறதுக்கு முன்னாடி அவங்ககிட்ட ஒரு பேனாவைக் கொடுங்க. அடுத்த எபிசோடில் பார்ப்போம்.