வாரத்துக்கு ஒரு கேள்வி

ஸ்டார் ட்ரெக் பார்த்து வளர்ந்தவர்கள் புதுச்சேரியில் பெருங்கூட்டம் இல்லை. இருக்கிற நாலைந்து பேர் கடற்கரைச் சாலையில் சந்தித்துக்கொண்டால், பேச்சு சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்குத்தான் வரும்: "என்ன இருந்தாலும் பழசு மாதிரி வரல." வயசானால் எல்லாரும் இப்படித்தான் சொல்வார்கள் என்று இளையவர்கள் ஒதுக்கிவிடுகிறார்கள். என்னால் அப்படி ஒதுக்க முடியவில்லை. இந்த மனக்குறைக்குக் காரணம் இருக்கிறது. அதைக் கணக்குப் போட்டே காட்டலாம்.

அமெரிக்காவில் 1966 முதல் 1969 வரை ஓடிய முதல் தொடரைத் தூர்தர்ஷன் எண்பதுகளில் ஞாயிற்றுக்கிழமை காலையில் காட்டியது. இங்கே வந்து சேர்ந்தபோதே அது பழைய சரக்கு. அது யாருக்கும் ஒரு பொருட்டாக இல்லை. டயனோராவோ சாலிடேரோ இருக்கிற வீட்டுக் கூடத்தில் தெருப் பிள்ளைகள் எல்லாம் உட்கார்ந்திருப்பார்கள். ஆங்கிலம் முழுக்கப் புரிந்தவர் ஒருவரோ இருவரோதான். லிசே என்ற பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்களுக்கு பிரெஞ்சு சரளமாக வரும், ஆங்கிலம் தடுமாறும். ஆனாலும் கதை எல்லாருக்கும் விளங்கியது. ஒரு வாரம், ஒரு கிரகம், ஒரு சிக்கல், ஐம்பது நிமிடத்தில் ஒரு முடிவு. சிவப்புச் சட்டை போட்ட சிப்பந்தி சீக்கிரம் செத்துப்போவான் என்பது உலகம் முழுக்க அந்தத் தொடரின் ரசிகர்களுக்குத் தெரிந்த சங்கதி. எங்கள் கருப்பு வெள்ளைப் பெட்டியில் எல்லாச் சட்டையும் சாம்பல் நிறம். அதனால் ஒவ்வொரு சாவும் எங்களை உலுக்கியது.

அந்தத் தொடரின் கப்பலில் ஒரு ஜப்பானிய வம்சாவளி மாலுமி இருந்தார், ஓர் ஆப்பிரிக்கப் பெண் அதிகாரி இருந்தார், பனிப்போர் உச்சத்தில் இருந்த காலத்தில் ஒரு ரஷ்யரும் இருந்தார். மனித குலம் ஒருநாள் ஒன்றாகிவிடும் என்று அந்தக் காலம் மனதார நம்பியது. எங்கள் ஊரில் இதை விளக்கவே வேண்டாம். 1968 பிப்ரவரி 28 அன்று ஆரோவில் தொடக்க விழாவில் 124 நாடுகளின் மண்ணை ஒரே தாழியில் போட்டார்கள். இரண்டு நாள் கழித்து, மார்ச் 1 அன்று, ஸ்டார் ட்ரெக்கை நிறுத்தப்போவதில்லை என்று என்.பி.சி. தொலைக்காட்சி அறிவித்தது. ரசிகர்கள் மூட்டை மூட்டையாகக் கடிதம் எழுதிக் குவித்ததன் பலன் அது. இரண்டுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. இரண்டும் ஒரே காலத்தின் கனவு என்பது மட்டும் நிச்சயம்.

தொண்ணூறுகளில் கேபிள் வந்தது. அப்போது ஆங்கிலம் பேசிக்கொண்டிருந்த ஸ்டார் பிளஸ் வழியாக 'தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' வந்தது. கப்பலின் கேப்டன் பெயர் ழான்-லுக் பிகார்ட். பிரெஞ்சுக்காரர். ழான் என்ற பெயருள்ள தமிழர்கள் வாழும் ஊரில் அந்தப் பெயருக்குத் தனி மவுசு. பேட்ரிக் ஸ்டூவர்ட் அந்தப் பாத்திரத்தை அப்பட்டமான இங்கிலாந்து உச்சரிப்பில் நடித்தாரே என்ற மனத்தாங்கல் சிலருக்கு இருந்தது. நாளடைவில் அதுவும் போய்விட்டது.

அந்தத் தொடரில் 'ஃபேமிலி' என்று ஓர் எபிசோட், 1990-இல் வந்தது. போர்க் என்ற இயந்திரக் கூட்டம் பிகார்டைப் பிடித்துப்போய், அவர் உடம்பில் கருவிகளைப் பொருத்தி, அவரை வைத்தே அவருடைய மக்களைக் கொல்ல வைக்கிறது. மீட்கப்பட்டபின் அவர் பிரான்சில் தன் சொந்த ஊரான லா பார்ருக்குப் போகிறார். அண்ணன் ராபர்ட் அங்கே திராட்சைத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறார். சின்ன வயதிலிருந்தே தம்பிமேல் பொறாமை உள்ளவர். இருவருக்கும் வாய்த் தகராறு முற்றிக் கைகலப்பாகி, தோட்டத்துச் சேற்றில் கட்டிப் புரள்கிறார்கள். முதலில் சிரிப்பு வருகிறது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே பிகார்ட் உடைந்து அழுகிறார். அவர்களைத் தடுத்திருக்க வேண்டும், தடுக்கும் திராணி எனக்கு இல்லாமல் போயிற்று என்கிறார். அண்ணன் அழ விடுகிறார், அவ்வளவுதான். ஒரு துப்பாக்கி வெடிக்கவில்லை, உலகத்துக்கு எந்த ஆபத்தும் இல்லை.

இந்தோசீனாவுக்கும் அல்ஜீரியாவுக்கும் பிரெஞ்சுப் படையில் போய்வந்த சொல்தாக்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். பென்ஷன் வாங்கப் போவார்கள், ஜூலை 14-ஆம் தேதி மெடல் குத்திக்கொண்டு நிற்பார்கள். அங்கே என்ன நடந்தது என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவார்கள். அந்தச் சேற்றுக் காட்சி எங்களுக்கு அயலூர்க் கதையாகத் தோன்றாததில் வியப்பில்லை.

அதே தோட்டத்துக்கு 2020-இல் 'பிகார்ட்' என்ற புதுத் தொடர் திரும்பி வந்தது. படப்பிடிப்பு அழகு, ஸ்டூவர்ட்டின் முதுமையும் அழகு. ஆனால் 2022-இல் வந்த இரண்டாவது சீசன் செய்த காரியத்தை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை. பிகார்ட் ஏன் யாரோடும் முழுதாக ஒட்டாமல் வாழ்ந்தார் என்ற கேள்விக்கு, சிறுவயதில் தாய் தற்கொலை செய்துகொண்டார் என்று புதிதாக ஒரு காரணம் கண்டுபிடித்து, அதைப் பத்து எபிசோட் முழுக்க மர்மமாக இழுத்தார்கள். பழைய எழுத்தாளர் நாற்பத்தைந்து நிமிடத்தில் ஒரு மனிதனின் வலியைக் காட்டிவிட்டு விலகிக்கொண்டார். புதியவர்கள் அந்த வலிக்கு மருத்துவக் குறிப்பு எழுதுகிறார்கள்.

புதிய தொடர்கள் பலவற்றிலும் பழைய பாத்திரங்களைக் கிளறும் இந்த நோய் உண்டு. 2017-இல் தொடங்கிய 'டிஸ்கவரி'யின் நாயகி, முதல் தொடரில் வந்த ஸ்போக்கின் வளர்ப்புச் சகோதரியாம். அத்தனை பெரிய அண்டத்தில் முன்பின் தெரியாத ஒரு பெண்ணை நாயகியாக வைக்கக்கூடத் துணிச்சல் இல்லை. முதல் தொடரின் வில்லன் கானுக்கு நேர்ந்ததும் இதுதான். 1967-இல் கான் நூனியன் சிங் வட இந்தியர், சீக்கியராக இருக்கலாம் என்று வசனமே வந்தது. நடித்தவர் மெக்சிகோவில் பிறந்த ரிக்கார்டோ மொண்டல்பான் என்றாலும், எதிர்கால வரலாற்றில் நமக்கு ஓர் ஆள் இருந்தான், கம்பீரமான வில்லன். 2013 திரைப்படத்தில் அதே பெயரில் பெனடிக்ட் கம்பர்பேட்ச் வந்து நின்றார். பெயரை எடுத்துக்கொண்டு ஆளை விட்டுவிட்டார்கள்.

இதையெல்லாம் எழுத்தாளர்களின் தலையில் மட்டும் கட்டுவது நியாயம் இல்லை. 'நெக்ஸ்ட் ஜெனரேஷன்' பொதுவாக ஆண்டுக்கு 26 எபிசோட் எடுத்தது. எல்லாவற்றுக்கும் பணம் போதாது. ஆகவே சில வாரங்களில் கப்பலுக்குள்ளேயே, இருக்கிற அரங்கை வைத்தே கதை சொல்லியாக வேண்டும். 1989-இல் வந்த 'தி மெஷர் ஆஃப் எ மேன்' எபிசோடின் மையம் ஒரு விசாரணை அறைதான். டேட்டா என்ற இயந்திர மனிதன் ஓர் அதிகாரியா, இல்லை அரசாங்கத்தின் உடைமையா? அவனைப் பிரித்துப் பார்க்க ஒரு விஞ்ஞானி கேட்கிறார், பிகார்ட் வாதாடுகிறார். எழுதியவர் மெலிண்டா ஸ்னாட்கிராஸ், வழக்கறிஞர் தொழில் பார்த்தவர். இன்று செயற்கை நுண்ணறிவைப் பற்றி நாம் தலையைப் பிய்த்துக்கொள்கிற கேள்வியை, சிக்கனம் பிடித்த ஒரு வாரத்தில் கேட்டுவிட்டுப் போனார்கள்.

இப்போது சீசனுக்குப் பத்துப் பதினைந்து எபிசோடுக்கு மேல் இல்லை, ஒவ்வொன்றுக்கும் சினிமா அளவு செலவு. அவ்வளவு பணம் கொட்டியபின் ஓர் அறையில் நாலு பேர் வாதாடுவதைக் காட்ட யார் சம்மதிப்பார்? 'டிஸ்கவரி'யின் இரண்டாவது சீசனில் பால்வெளியின் அறிவுள்ள எல்லா உயிரும் அழியப்போகிறது. நான்காவதில் கோள்களை நொறுக்கும் ஒரு விண்வெளிக் கோளாறு. ஆபத்து பெரிதாகப் பெரிதாக மனிதர்கள் சிறுத்துப்போனார்கள்.

ஒன்றை ஒப்புக்கொண்டே ஆக வேண்டும். 'நெக்ஸ்ட் ஜெனரேஷன்' 1987-இல் வந்தபோது, கேப்டன் கர்க்கும் ஸ்போக்கும் இல்லாத ஸ்டார் ட்ரெக்கா என்று பழைய ரசிகர்கள் கொதித்தார்கள். முதல் இரண்டு சீசனும் உண்மையிலேயே சுமார்தான். மூன்றாவதில் எழுத்துப் பொறுப்புக்கு வந்த மைக்கேல் பில்லர், வெளியாட்கள் தரும் கதைகளுக்கும் கதவைத் திறந்துவைத்தார். அப்படி வெளியாளாகக் கதை கொடுத்து உள்ளே வந்தவர்தான் ரொனால்ட் மூர். அந்தச் சேற்றுக் காட்சியை எழுதியவர் அவர்.

தொடர்ச்சி என்றாலே தோல்வி என்று யாராவது சொன்னால் நான் சுஜாதாவைக் காட்டுவேன். 'என் இனிய இயந்திரா'வில் நிலாவுக்குத் துணையாக வந்த இயந்திர நாய் ஜீனோ, 'மீண்டும் ஜீனோ'வில் கதையையே சுமக்கிறது. பழைய பாத்திரத்துக்குப் பழைய காயத்தைத் தேடாமல், புது வேலை கொடுத்தார்.

பார்க்கிற முறையும் மாறிவிட்டது. அன்று ஞாயிற்றுக்கிழமை பார்த்த கதையை அடுத்த ஞாயிறு வரை பேசினோம். கர்க் செய்தது சரியா தப்பா என்று முத்தியால்பேட்டையில் ஒரு கட்சி, குருசுக்குப்பத்தில் ஒரு கட்சி. இன்று ஒரு தொடர் ஒரு தளத்தில், அடுத்தது வேறு தளத்தில். 2021 நவம்பரில் 'டிஸ்கவரி'யின் நான்காவது சீசன் வருவதற்குச் சில நாள் முன்பு, அமெரிக்காவுக்கு வெளியே நெட்ஃபிளிக்ஸிலிருந்து அந்தத் தொடரையே எடுத்துவிட்டார்கள். சந்தா கட்டியவர்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றோம்.

2022-இல் 'ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸ்' வந்தபோது மனசு நிறைந்தது. மறுபடியும் வாரம் ஒரு கிரகம், வாரம் ஒரு கேள்வி. இரண்டாவது சீசனில் ஒரு பெண் அதிகாரியின் மரபணுவைக் காரணம் காட்டி அவரை விசாரணைக் கூண்டில் ஏற்றுகிறார்கள். டேட்டாவின் விசாரணைக்குப் பக்கத்தில் கூச்சமில்லாமல் வைக்கலாம். அந்தத் தொடரும் ஐந்தாவது சீசனோடு முடிகிறது. கடைசி சீசனுக்கு ஆறு எபிசோட்தான். ஐந்து சீசனையும் கூட்டினால் 46. 'நெக்ஸ்ட் ஜெனரேஷன்' சுமாராக ஓடிய முதல் இரண்டு சீசனுக்கே 48 ஆகிறது. அன்று அதையும் 46-இல் நிறுத்தியிருந்தால் போர்க்கிடம் பிகார்ட் சிக்கியிருக்கமாட்டார், ரொனால்ட் மூருக்குக் கதவு திறந்திருக்காது, லா பார்ரில் அண்ணன் தம்பி சேற்றில் புரண்டிருக்கவும் மாட்டார்கள்.