முழங்கை அசையட்டும்

வண்டி சறுக்கி விழும்போது கை தானாகப் போய்த் தரையில் ஊன்றிக்கொள்கிறது. உடம்பின் பாரம் உள்ளங்கை வழியாக முழங்கையைத் தாக்க, மூட்டு பின்பக்கமாக நழுவிவிடும். நழுவியதோடு, முன்கையின் இரண்டு எலும்புகளில் ரேடியஸின் தலை உடைந்து, அல்னாவின் ‘கொரனாய்டு’ முனையும் பெயர்ந்துவிட்டால் அதற்கு ‘டெரிபிள் ட்ரையட்’, அதாவது பயங்கர முக்கூட்டு என்று பெயர். அமெரிக்க மருத்துவர் ஹாட்ச்கிஸ் 1996-இல் வைத்த பெயர் இது. அன்றைக்கு இந்தக் காயம்பட்ட பலரின் கை, ஒன்று இறுகிப்போனது, இல்லையேல் மறுபடி நழுவியது.

காரணம் மூட்டின் அமைப்பில் இருக்கிறது. அல்னாவின் மேல்முனை கொறடின் வாய்போலத் திறந்து, மேற்கை எலும்பின் உருளையைக் கவ்விக்கொண்டிருக்கிறது. அந்த வாயின் முன் உதடுதான் கொரனாய்டு. உதடு உடைந்தால் பிடி போயிற்று. ரேடியஸ் தலை பக்கத்தில் நின்று தாங்கும் தூண். இவற்றைச் சுற்றிக் கட்டியிருக்கும் தசைநார்களும் இந்தக் காயத்தில் அறுந்துவிடுகின்றன.

நழுவிய மூட்டை முதலில் இடத்தில் சேர்த்துவிட்டு, சி.டி. ஸ்கேன் பார்த்து அறுவை சிகிச்சையைத் திட்டமிடுகிறார்கள். பெரும்பாலும் உள்ளிருந்து வெளியே வருவதுதான் வரிசை. முதலில் கொரனாய்டைத் தையலாலோ ஸ்க்ரூவாலோ பிடித்து நிறுத்துவார்கள். அடுத்தது ரேடியஸ் தலை. சில துண்டுகள் என்றால் சேர்த்துப் பொருத்தலாம்; நொறுங்கியிருந்தால் உலோகத் தலை வைப்பார்கள். அதை வெறுமனே எடுத்துவிட்டு வருவது இந்தக் காயத்தில் தவறு. தூணில்லாத மூட்டு மறுபடி நழுவும். கடைசியாக, அறுந்த வெளிப்புறத் தசைநாரை எலும்போடு தைத்துவிட்டு, அங்கேயே கையை மடக்கி நீட்டிப் பார்ப்பார்கள். அப்போதும் நழுவினால் உட்புறத் தசைநாரையும் சரிசெய்ய வேண்டும், அல்லது வெளியிலிருந்து கீல் வைத்த சட்டம் பூட்ட வேண்டும்.

இத்தனையும் எதற்காக? கையைச் சீக்கிரம் அசைப்பதற்காக. மூன்று வாரத்துக்கு மேல் மாவுக்கட்டில் கிடந்தால் முழங்கை இறுகிவிடும். அதனால் மூட்டு நிலையாக இருந்தால் சில நாட்களிலேயே பயிற்சி தொடங்கிவிடுகிறது. மல்லாந்து படுத்து, மேற்கையைக் கூரை நோக்கி நிறுத்தி, முழங்கையை மெல்ல மடக்கி நீட்டுவது அதில் ஒன்று. அப்படிப் படுக்கையில் முன்கையின் பாரமே மூட்டை இடத்தில் அழுத்திப் பிடிக்கிறது; அழகான யோசனை! 30 முதல் 130 டிகிரி வரை மடங்கினால் சாப்பிட, தலை வார, சட்டை போட என்று அன்றாட வேலைகள் பெரும்பாலும் நடந்துவிடும். அங்கே போய்ச் சேர மாதக்கணக்கில் ஆகலாம். முழு நீட்டம் திரும்பாமலும் போகலாம்.

அந்த மாதங்களில், பொறுமையிழந்து யாரிடமும் கையைக் கொடுத்து எண்ணெய் தேய்த்து உருவவோ இழுக்கவோ விடாதீர்கள். பலவந்தப்படுத்தினால் வீக்கம் கூடும். எலும்பு இருக்கக் கூடாத இடத்தில், தசைக்குள்ளேயே, எலும்பு வளரவும் அது காரணமாகலாம். சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்தால் அன்றைக்கே உங்கள் மருத்துவரிடம் சொல்லுங்கள். முழங்கையின் உட்பக்கம் ஓடும் அல்னா நரம்பு நெருக்கப்படுவதன் அடையாளம் அது.