கண்ணை மூடிக்கொண்டால் போதுமா?

கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே மேலுதடு, தாடை, கன்னம் என்று முடி நீக்கும் லேசர் சிட்டிங் தொடங்கிவிடுகிறது. குளிர்ந்த ஜெல், ரப்பர் பேண்டைச் சுண்டிவிட்டது போன்ற சுரீர் வலி, கருகிய முடியின் வாடை. அப்படியே, "புருவத்தையும் கொஞ்சம் சரிபண்ணிடலாமா?" என்று கேட்கிறார்கள். பாதுகாப்புக் கண்ணாடி புருவத்தை மறைக்கிறது என்று அதைக் கழற்றிவிட்டு, "கண்ணை மட்டும் இறுக்கி மூடிக்கோங்க" என்கிறார்கள். ஆபத்து தொடங்கும் இடம் இதுதான்.

முடிக்கு வைத்த குறி

லேசர் ஒளி தேடுவது மெலனின் என்ற கருநிறமியை. முடியிலுள்ள மெலனின் ஒளியை உறிஞ்சிச் சூடாகி, வேர்க்காலைப் பொசுக்குகிறது. நிறமியை மட்டும் குறிவைத்துச் சுடும் இந்தத் தத்துவத்தை ஆண்டர்சன், பாரிஷ் என்ற ஆய்வாளர்கள் 1983-ல் வகுத்துச் சொன்னார்கள். சிக்கல் என்னவென்றால், அதே மெலனின், கண்மணியைச் சுற்றியுள்ள நிற வளையமான ஐரிஸிலும் விழித்திரைக்குப் பின்னாலும் உண்டு. நம்முடைய அடர்பழுப்புக் கண்களில் அது தாராளமாகவே இருக்கிறது. முடி எது, கண் எது என்று ஒளிக்குத் தெரியாது.

இமைக்குள் உருளும் விழி

கண்ணை மூடியதும் பெரும்பாலோருக்கு விழி மேல்நோக்கி உருளும். மருத்துவர் சார்லஸ் பெல் 1823-ல் விவரித்த இயல்பு இது. தூங்கும் குழந்தையின் இமை சற்றே திறந்திருந்தால் வெள்ளை மட்டும் தெரிகிறதே, அதுவும் இதனால்தான். அதாவது, கண்ணை இறுக்கி மூடும்போது ஐரிஸ் நகர்ந்து புருவத்துக்குக் கீழேயே வந்து நிற்கிறது. லேசரின் முனை வைக்கப்படுவதும் அங்கேதான்.

இமை தடுக்காதா? உடலிலேயே மெல்லிய தோல் இமைத்தோல்தான். ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. சில மில்லிமீட்டர் ஆழத்திலுள்ள வேர்க்காலை எட்டவென்றே அமைத்த ஒளிக்கு அது ஒரு திரையே அல்ல.

அடிபட்ட ஐரிஸ் வீங்கி அழற்சி காணும். கண்மணி வட்டம் குலைந்து கோணலாகலாம், கண்புரையும் வரலாம். முடி நீக்கவே பயன்படும், லேசர் அல்லாத ஐ.பி.எல். என்ற தீவிரத் துடிப்பொளியாலும் ஐரிஸ் பாதிக்கப்பட்ட நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன.

கண்ணுக்குத் தெரியாத ஒளி

கருமையான தோலுக்கு ஏற்றது என்று சொல்லப்படும் என்டி-யாக் லேசரின் அலைநீளம் 1064 நானோமீட்டர். தோலுக்கு அது நல்லதுதான், ஆனால் அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது. தெரிந்தாலும் பயனில்லை: நாம் கண் சிமிட்டக் கால் விநாடி ஆகிறது, லேசர் துடிப்போ சில மில்லி விநாடிகளில் முடிந்துவிடுகிறது. திறந்த கண்ணில் நேராகவோ பிரதிபலித்தோ நுழைந்தால், கண்ணின் லென்ஸ் அதைக் குவித்து ஏறத்தாழ லட்சம் மடங்கு செறிவாக்கி விழித்திரையில் இறக்குகிறது. பார்வையின் நடுவே ஒரு கரும்புள்ளி நிரந்தரமாகத் தங்கிவிடலாம். பார்லர் என்றால் நாலு சுவரிலும் கண்ணாடிதான்; லேசர் அறையில் அதுவே கூடாது.

கருவியை இயக்குபவருக்கும் இதே ஆபத்துதான். டயோடு என்ற இன்னொரு வகை லேசருக்கான பாதுகாப்புக் கண்ணாடி என்டி-யாக்குக்கு உதவாது. எந்த அலைநீளத்தைத் தடுக்கும் என்று பாதுகாப்புக் கண்ணாடியிலேயே எண் அச்சிட்டிருக்கும். கருவியின் எண்ணும் அதுவும் பொருந்துகின்றனவா என்று கேளுங்கள். "என்னம்மா இதெல்லாம் கேக்கறீங்க" என்று சிரித்தால் எழுந்து வந்துவிடலாம். உங்களுக்குத் தருவது, ஒளி துளியும் புகாமல் இரு கண்ணையும் முழுக்க மூடும் கவசமாக இருக்க வேண்டும்.

வலி வந்தால்

கண்வலி, சிவப்பு, வெளிச்சம் பட்டால் கூச்சம், மங்கல், கண்மணியின் வடிவ மாற்றம் ஆகியவை உடனேயும் வரலாம். சில மணி நேரம், ஏன் ஒருநாள் கழித்தும் வரலாம். மருந்துக் கடையில் சொட்டு மருந்து வாங்கிப் போட்டுக்கொண்டு காத்திருக்காதீர்கள். அன்றே கண் மருத்துவரிடம் போய், எந்த லேசர், எங்கே வைத்தார்கள் என்பதைச் சொல்லுங்கள். ஐரிஸ் அழற்சியை ஸ்டீராய்டு சொட்டு மருந்தால் பெரும்பாலும் அடக்கலாம். விழித்திரைக் காயத்துக்கு அப்படி உறுதியான மருந்து கிடையாது.

வீட்டில் பயன்படுத்தும் ஐ.பி.எல். கருவியையும் கண்ணருகே கொண்டுபோகக் கூடாது. புருவத்துக்கு நூல் இருக்கிறது. த்ரெடிங்கில் கண்ணீர் வரும், பார்வை போகாது.