கைத்துப்பாக்கித் தோட்டாக்களுக்கான புகையற்ற வெடிமருந்து

புகையற்ற வெடிமருந்து என்பது துப்பாக்கித் தோட்டாவில் உள்ள குண்டை உந்தித் தள்ளுவதற்குப் பயன்படும், நைட்ரோசெல்லுலோசை அடிப்படையாகக் கொண்ட பொருள் ஆகும். பெயரில் வெடி என்ற சொல் இருப்பினும், முறையாகப் பயன்படுத்தும்போது இது துப்பாக்கிக்குள் வெடிப்பதில்லை. மிக விரைவாக எரிந்து வளிமமாக மாறுகிறது. எரியும் வேகம் மருந்துக்கு மருந்து வேறுபடும். ஆகவே ஒரு கைத்துப்பாக்கித் தோட்டாவுக்கு மருந்தைத் தேர்ந்தெடுப்பது என்பது முதன்மையாக அதன் எரிவேகத்தைத் தேர்ந்தெடுப்பதே ஆகும். இதில் ஏற்படும் பிழை துப்பாக்கியைச் சிதைப்பதுடன் சுடுபவரின் கையையும் கண்ணையும் பறிக்கக்கூடியது.

தோட்டாவின் அமைப்பு

ஒரு தோட்டாவில் நான்கு பகுதிகள் உள்ளன. அவை பித்தளைக் கூடு, அதன் அடியில் உள்ள எரியூட்டி, கூட்டினுள் இருக்கும் மருந்து, வாயில் பொருத்தப்பட்ட குண்டு என்பனவாகும். சுட்ட பின்னர் பித்தளைக் கூடு மட்டும் எஞ்சும். அக்கூட்டில் புதிய எரியூட்டி, மருந்து, குண்டு ஆகியவற்றைப் பொருத்தி மீண்டும் தோட்டாவாக்குவது மறுநிரப்பல் எனப்படுகிறது. ஐக்கிய அமெரிக்கா போன்ற நாடுகளில் இலக்குச் சுடுதலில் ஈடுபடுவோர் பலர் இதனைச் செய்கின்றனர்.

வரலாறு

பல நூற்றாண்டுகளாகத் துப்பாக்கிகளில் வெடியுப்பு, மரக்கரி, கந்தகம் ஆகியவை கலந்த கருமருந்தே பயன்பட்டது. கருமருந்து எரியும்போது அதன் நிறையில் பாதிக்கு மேற்பட்ட பங்கு திண்மப் பொருளாக எஞ்சுகிறது. அதுவே அடர்ந்த புகையாகவும் குழலில் படியும் கசடாகவும் காணப்படுகிறது. 1884 ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு வேதியியலாளர் பவுல் வியெய் நைட்ரோசெல்லுலோசைக் கரைப்பானில் கூழாக்கி, தகடாக உருட்டி வெட்டி, சீராக எரியும் மருந்தை உருவாக்கினார். 1887 இல் ஆல்பிரட் நோபல் நைட்ரோகிளிசரினும் நைட்ரோசெல்லுலோசும் சேர்ந்த பாலிசுடைட்டை உருவாக்கினார். 1889 இல் பிரித்தானியாவில் பிரெடரிக் ஏபல், ஜேம்சு டூவர் ஆகியோர் கார்டைட்டை உருவாக்கினர். தொடக்கக் காலக் கார்டைட்டில் 58 விழுக்காடு நைட்ரோகிளிசரினும் 37 விழுக்காடு வெடிபஞ்சும் 5 விழுக்காடு கனிமக் களிம்பும் இருந்தன. கயிறு போன்ற இழைகளாகப் பிழியப்பட்டதால் இப்பெயர் ஏற்பட்டது.

கைத்துப்பாக்கி வரலாற்றில் கார்டைட்டின் தாக்கத்துக்கு .455 வெப்லி தோட்டா நல்ல எடுத்துக்காட்டு. கருமருந்துக்காக வடிவமைக்கப்பட்ட இதன் நீண்ட கூட்டில் கார்டைட்டு சீராக எரியவில்லை. எனவே 1897 இல் கூடு குட்டையாக்கப்பட்டது. மருந்து மாறினால் கூடும் மாறவேண்டும் என்பதை இது உணர்த்தியது.

அருவங்காடு தொழிற்சாலை

தமிழ்நாட்டில் இம்மருந்தின் வரலாறு நீலகிரி மாவட்டம் குன்னூருக்கு அருகிலுள்ள அருவங்காட்டில் தொடங்குகிறது. இங்குள்ள கார்டைட்டு தொழிற்சாலை 1903 ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. விடுதலைக்குப் பின்னர் இந்தியப் படைக்கலத் தொழிற்சாலைகளுள் ஒன்றாக இயங்கியது. 2021 அக்டோபர் 1 முதல் படைக்கலத் தொழிற்சாலை வாரியம் ஏழு பொதுத்துறை நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டபோது, இது மியூனிசன்சு இந்தியா நிறுவனத்தின் கீழ் வந்தது.

எரிவேகம்

மருந்துத் துகள் வெளிப்பரப்பிலிருந்து உள்நோக்கி எரிகிறது. ஆகவே ஒரே எடையுள்ள மருந்தில் துகள்கள் சிறியனவாகவும் மெல்லியனவாகவும் இருந்தால் பரப்பு கூடி, விரைவாக எரியும். செதில், உருண்டை, உருளை, துளையிட்ட உருளை எனத் துகள்கள் பல வடிவங்களில் அமைக்கப்படுவது இதனாலேயே. துகள் மீது பூசப்படும் தடுப்புப் பூச்சுகளும் எரிதலை மெதுவாக்குகின்றன. நைட்ரோகிளிசரின் சேர்ந்தவை இரட்டை அடிப்படை மருந்துகள் எனவும், சேராதவை ஒற்றை அடிப்படை மருந்துகள் எனவும் அழைக்கப்படும். முன்னவை கூடுதல் ஆற்றலும் கூடுதல் வெப்பமும் தருவன.

அழுத்தம் உயர உயர எரிவேகமும் உயரும் என்பது இம்மருந்தின் முக்கியப் பண்பு. வேகம் கூடினால் வளிமம் பெருகி, அழுத்தம் மேலும் உயரும். எனவே அளவில் ஏற்படும் சிறு மிகையும் அழுத்தத்தில் பெரும் உயர்வாக முடியலாம்.

கைத்துப்பாக்கிக்கு ஏற்ற மருந்து

கைத்துப்பாக்கியின் குழல் பொதுவாக 10 முதல் 13 சென்டிமீட்டர் நீளமுடையது. ஆயிரத்தில் ஒரு நொடிக்கும் குறைந்த நேரத்தில் குண்டு குழலை விட்டு வெளியேறிவிடுகிறது. நீண்ட குழலுக்காக ஆக்கப்பட்ட மெதுவான மருந்தை இதில் இட்டால், அது எரிந்து முடியுமுன் குண்டு வெளியேறும். எஞ்சியது வாய்ப்புறத்தில் தீப்பிழம்பாக வீணாகும். ஆகவே கைத்துப்பாக்கிக்கு விரைவாக எரியும் மருந்து தேவை. அதன் அளவும் குறைவு. 9 மி.மீ. பாரபெல்லம் தோட்டாவில் அரைக் கிராமுக்கும் குறைந்த மருந்தே உள்ளது, 7.62 மி.மீ. நேட்டோ துமுக்கித் தோட்டாவில் ஏறத்தாழ 3 கிராம் இருக்கும். இதனால் கைத்துப்பாக்கி மருந்தைத் துமுக்கித் தோட்டாவின் கூடு நிறைய இடுவது மிகவும் ஆபத்தானது.

கைத்துப்பாக்கி மருந்துகளுக்குள்ளும் வேறுபாடு உண்டு. எடை கூடிய குண்டு மெதுவாக நகர்வதால் அதற்குச் சற்று மெதுவான மருந்து பொருந்தும். துப்பாக்கி தாங்கும் அழுத்தமும் கருதப்படவேண்டும். அமெரிக்கத் தர அமைப்பான சாமி, 9 மி.மீ. பாரபெல்லத்துக்குச் சதுர அங்குலத்துக்கு 35,000 இறாத்தலும், .38 இசுபெசல் தோட்டாவுக்கு 17,000 இறாத்தலும் உச்ச அழுத்தமாக வரையறுத்துள்ளது.

கூட்டை மருந்து எவ்வளவு நிரப்புகிறது என்பதும் முக்கியம். .38 இசுபெசல் கூடு கருமருந்துக் காலத்துக் கொள்ளளவைக் கொண்டது. அதில் விரைவான மருந்து அடியில் சிறிதளவே இருக்கும். கவனக்குறைவால் இருமுறை இடப்பட்டாலும் அது வழியாது. மேலோட்டமாகப் பார்ப்பவருக்குத் தெரியாமலும் போகலாம். கூட்டின் பெரும்பகுதியை நிரப்பும் மருந்தில் இப்பிழை உடனே வெளிப்படும். மாறாக, மருந்து இடப்படாமலே போனால் எரியூட்டியின் விசையால் மட்டும் குண்டு நகர்ந்து குழலில் சிக்கக்கூடும். அதை அறியாது அடுத்த முறை சுட்டால் குழல் வெடிக்கும்.

எரிவேகத்தைக் கண்ணால் அறிய இயலாது. நிறத்திலும் வடிவிலும் ஒத்த இரு மருந்துகள் முற்றிலும் வேறுபட்ட வேகத்தில் எரியலாம். எனவே மருந்தை அதன் மூலக் கலத்திலேயே வைத்திருத்தல், வேறு மருந்துடன் கலவாதிருத்தல், தயாரிப்பாளர் அழுத்தச் சோதனை செய்து வெளியிட்ட அட்டவணையை மீறாதிருத்தல் ஆகியவை அடிப்படை விதிகளாகும்.

நாட்டுத் துப்பாக்கியும் கருமருந்தும்

ரிஷிவந்தியம், சங்கராபுரம் முதலிய ஊர்களைக் கொண்ட கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் மேற்கே கல்வராயன் மலை அமைந்துள்ளது. இம்மலைப்பகுதியில் உரிமமற்ற நாட்டுத் துப்பாக்கிகள் காவல்துறையால் கைப்பற்றப்பட்ட செய்திகள் அவ்வப்போது வெளிவந்துள்ளன. வாய்வழியாக மருந்தையும் ரவையையும் இட்டுக் கம்பியால் இடித்து நிரப்பப்படும் இவ்வகைத் துப்பாக்கிகள் கருமருந்துக்கானவை. கருமருந்து வழமையாகக் கன அளவாலேயே அளக்கப்படுகிறது. அதே அளவு புகையற்ற மருந்தை இட்டால், எழும் அழுத்தம் குழல் தாங்கும் எல்லையைப் பன்மடங்கு கடந்து, குழல் பிளந்துவிடும். பெயரில் இரண்டும் வெடிமருந்தாயினும் ஒன்றுக்கு மற்றொன்று மாற்றாகாது.

சிதைவு

நைட்ரோசெல்லுலோசு நாளடைவில் தானே சிதைந்து நைட்ரசன் ஆக்சைடுகளை வெளியிடும். அவை சிதைவை மேலும் விரைவாக்கும். இதனைத் தடுக்க டைபீனைலமின் போன்ற நிலைப்படுத்திகள் சேர்க்கப்படுகின்றன. வெப்பம் நிலைப்படுத்தியை விரைவில் தீர்த்துவிடுவதால் மருந்தைக் குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைப்பர். புளித்த நெடியோ செந்நிறப் புகையோ தோன்றினால் மருந்து கெட்டுவிட்டது எனக் கொள்ளவேண்டும்.

சட்டநிலை

இந்தியாவில் 1959 ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டத்தின்படி, உரிமமின்றித் தோட்டாக்களை உருவாக்குவதும் விற்பதும் குற்றமாகும். துப்பாக்கி வைத்திருப்பதற்கான உரிமம், தோட்டா செய்வதற்கான உரிமம் ஆகாது. இவற்றுக்கான நடைமுறைகளை 2016 ஆம் ஆண்டின் படைக்கல விதிகள் வகுத்துள்ளன.