கிழட்டுக் கம்ப்யூட்டருக்குப் புது ஞாபகசக்தி!

40 வயதைத் தாண்டிவிட்ட கம்ப்யூட்டர் அது. அதன் பக்கத்தில் தீப்பெட்டி போல ஒரு சின்னஞ்சிறு பெட்டி. இரண்டும் பேசிக்கொள்கின்றன. தன்னோடு பேசுவது யார் என்று கிழவனுக்குத் தெரியாது!

கிழவனின் பெயர் "கமடோர் 64".

1982-ம் ஆண்டு அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அப்போது விலை 595 டாலர். வீட்டு டெலிவிஷனிலேயே மாட்டிக்கொள்ளலாம். அதனால் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வீடு வீடாகப் புகுந்தது. 1 கோடிக்கு மேல் விற்றது. அதைச் செய்த கம்பெனி 1994-ல் திவாலாகிவிட்டது. கம்ப்யூட்டர்களோ இன்றும் பல வீட்டுப் பரண்களில் இருக்கின்றன.

சிலேட்டும் நோட்டும்

இந்தக் கம்ப்யூட்டரின் ஞாபகம் சிலேட்டு மாதிரி. சுவிட்சை அணைத்தால் எல்லாம் அழிந்துவிடும். அழியாமல் இருக்க வேண்டுமா? நோட்டில் எழுதுவது போல வெளியே பதிய வேண்டும்.

அந்த நோட்டுதான் "பிளாப்பி". காந்தப் பொடி பூசிய மெல்லிய வட்டத் தட்டு. ஒரு பக்கத்தில் சுமார் 1,70,000 எழுத்துகள் அடங்கும். அதைச் சுழற்றிப் படிக்க "1541" என்ற தனிப் பெட்டி உண்டு. அதை டிரைவ் என்பார்கள்.

மோட்டார் தேய்கிறது. தட்டில் பூஞ்சணம் பிடிக்கிறது. காந்தப் பூச்சு உரிகிறது. 12 வயதில் ஒரு பையன் தானே எழுதிய முதல் விளையாட்டு அதில் இருக்கும். அப்பா தட்டிய கடிதம் இருக்கும். வேறு பிரதி ஏது?

ஆள் மாறாட்டம்!

இங்கேதான் சின்னப் பெட்டி வருகிறது. பெயர் "எஸ்.டி.2.ஐ.இ.சி." அதில் சொருகுவது, காமிராவில் போடும் அதே மெமரி கார்டு! சுழல்வது எதுவும் இல்லை. மோட்டாரும் இல்லை. 1 ஜி.பி. கார்டில் 5,000-க்கு மேற்பட்ட பிளாப்பிகளின் சரக்கு அடங்கும்.

டிரைவின் எண் 8. "எட்டு, இருக்கிறாயா?" என்று கம்ப்யூட்டர் கேட்கும். "இருக்கிறேன்" என்று சின்னப் பெட்டி பதில் சொல்லும். அவ்வளவுதான். கிழவன் நம்பிவிடுவான். கம்ப்யூட்டரைத் திறக்க வேண்டாம், ஒரு கம்பியைக் கூட அறுக்க வேண்டாம்.

வேகம் பிய்த்துக்கொண்டு போகுமா? போகாது! விநாடிக்குச் சுமார் 400 எழுத்துதான். கார்டின் மேல் குற்றம் இல்லை. இதற்கு முந்தைய "விக்-20" மாடலில் ஒரு சிப் கோளாறு. அதற்காக மெதுவான பேச்சு முறையை வைத்தார்கள். தம்பிக்கும் அதுவே வந்து சேர்ந்தது. வேகம் கூட்ட வேறு சாதனங்கள் உண்டு.

இன்னொரு சங்கடம். 1541 டிரைவுக்குள்ளும் ஒரு மூளை இருக்கிறது. சில விளையாட்டுகள் அந்த மூளைக்கே நேராக உத்தரவு போடும். சின்னப் பெட்டியில் அந்த மூளை இல்லை. அந்த விளையாட்டுகளில் பல ஓடாது. டிரைவை அச்சு அசலாக நடிக்கும் "பை1541" போன்றவை இருந்தால் அவையும் ஓடும்.

ஜாக்கிரதை!

பரணில் இருந்து இறக்கியதும் பழைய மின்சாரப் பெட்டியைச் சொருகாதீர்கள். அது கெட்டால் 5 வோல்ட் வர வேண்டிய இடத்தில் கூடுதலாக வரும். உள்ளே மெமரி சிப்புகள் கருகும். கார்டுக்குச் செலவழிக்கும் முன் புது மின்சாரப் பெட்டி வாங்குவதே புத்திசாலித்தனம்.

பிறகு தட்டுகளைக் காப்பாற்றலாம். டிரைவையும் சின்னப் பெட்டியையும் ஒரே வரிசையில் மாட்டலாம். டிரைவுக்கு எண் 8, கார்டுக்கு எண் 9. நகல் எடுக்கும் புரோகிராமை ஓட்டினால், பிளாப்பியில் உள்ளது கார்டுக்கு வந்துவிடும்.

நல்ல தட்டுகளை முதலில் போடுங்கள். பூஞ்சணம் பிடித்ததை அப்படியே சொருகக் கூடாது. படிக்கும் முனையில் அழுக்கு அப்பிக்கொள்ளும். அடுத்து வரும் நல்ல தட்டையும் அது கீறிவிடும்.