அவிழ்த்து விடுங்கள்

திருவருகைக் காலம் வந்தாலே திருமுழுக்கு யோவானின் குரல் நம் ஆலயங்களில் ஒலிக்கிறது. தமக்குப் பின் வருபவரின் மிதியடி வாரை அவிழ்க்கவும் தமக்குத் தகுதியில்லை என்கிறார் அவர். 1611-இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் ஆங்கில விவிலியத்தில் இந்த இடத்தில் 'அன்லூஸ்' என்ற சொல் இருக்கிறது. இன்று பேச்சில் அரிதாகிவிட்ட சொல் இது.

ஓசூர் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போகும் நம் இளையோருக்கு 'லூஸ்' புதிதல்ல. நட்டை லூஸ் பண்ணு என்றால் தளர்த்து என்று பொருள். 'லாக்' என்றால் பூட்டு, 'அன்லாக்' என்றால் திற. அப்படியானால் 'அன்லூஸ்' என்பது இறுக்குவதைத்தானே குறிக்க வேண்டும்? இல்லை. ஆங்கிலத்தில் 'லூஸ்', 'அன்லூஸ்' ஆகிய இரண்டு வினைகளுக்கும் பொருள் ஒன்றே: கட்டவிழ்த்தல், விடுவித்தல். முன்னால் வரும் 'அன்' இங்கே பொருளை மாற்றவில்லை, அழுத்தம் தருகிறது. ஆயர் சலோனர் 18-ஆம் நூற்றாண்டில் திருத்திய டூவே-ரைம்ஸ் கத்தோலிக்க விவிலியம் இதே வசனத்தில் 'லூஸ்' என்றே சொல்கிறது. வார், முடிச்சு, பிடி ஆகியவற்றுக்கும், உருவகமாக நாவின் கட்டுக்கும் 'அன்லூஸ்' பயன்படும்.

காது நம்மை ஏமாற்றும் என்பது தளிப் பகுதியில் வாழும் நமக்குத் தெரியாததா? கன்னடம் பேசுபவர் முடிச்சைக் காட்டி 'பிச்சு' என்பார். பிய்த்துப் போடச் சொல்கிறார் என்று தமிழ்க் காது நினைக்கும். அவர் சொல்வதோ 'அவிழ்' என்றுதான். தெலுங்கில் அதுவே 'விப்பு'.

நற்செய்தியின் மூலமொழியான கிரேக்கத்தில் இதற்குரிய சொல் 'லூவோ'. மிதியடி வாருக்கு மட்டுமா அது வருகிறது? எருசலேமுக்குள் நுழையுமுன் கழுதைக்குட்டியை அவிழ்த்து வரச் சொன்னபோதும் (மாற் 11:2), கட்டவும் அவிழ்க்கவும் பேதுருவுக்கு அதிகாரம் தந்தபோதும் (மத் 16:19) இதே சொல்தான். 18 ஆண்டுகள் கூனிக் கிடந்த பெண்ணை இயேசு ஓய்வுநாளில் நலமாக்கியபோது தொழுகைக்கூடத் தலைவர் கோபப்பட்டார். ஓய்வுநாளிலும் மாட்டை அவிழ்த்துத் தண்ணீர் காட்டுகிறீர்களே, இந்தப் பெண்ணின் கட்டை அவிழ்க்கக் கூடாதா என்று ஆண்டவர் கேட்டார் (லூக் 13:15-16). மாட்டுக்கும் மனுஷிக்கும் அவர் ஒரே சொல்லையே பயன்படுத்தினார்.

தளர்த்துவது வேறு, அவிழ்ப்பது வேறு. கயிற்றை நீட்டிவிட்டால் மாடு இன்னும் கொஞ்ச தூரம் மேயும். ஆனால் முளைக்குச்சியை விட்டுப் போக முடியாது. கல் குவாரியிலோ செங்கல் சூளையிலோ முன்பணத்துக்காகக் கட்டுண்ட குடும்பத்துக்குக் கூலியைச் சற்று உயர்த்துவது கயிற்றை நீட்டுவதுதான். 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் முடிச்சையே அவிழ்க்கிறது: அத்தகைய கடன் செல்லாது, திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. மாவட்ட ஆட்சியரிடமோ சார் ஆட்சியரிடமோ யாரும் தகவல் தரலாம். விசாரித்து, விடுவிப்புச் சான்றிதழ் வழங்குவது அவர்களின் கடமை. இது தெரியாததாலேயே வருடக்கணக்கில் உழைப்பவர்கள் உண்டு. தெரிந்த நாம் வாய்திறக்கிறோமா?

இலாசரை உயிர்ப்பித்தவர் ஆண்டவர். ஆனால் அவர் உடலில் சுற்றியிருந்த துணிகளை அவிழ்த்துவிடும் வேலையைச் சுற்றி நின்றவர்களிடமே ஒப்படைத்தார் (யோவா 11:44). உயிர் தருவது அவர் வேலை, கட்டவிழ்ப்பது நம் வேலை. வீட்டிலும் அப்படித்தான். "மன்னித்துவிட்டேன், ஆனால் மறக்க மாட்டேன்" என்று சொல்லும்போது நாம் கயிற்றை நீட்டியிருக்கிறோமே தவிர, முடிச்சை அவிழ்க்கவில்லை.

இந்த வாரம் நம் கையில் இருக்கும் ஒரு முடிச்சை எண்ணிப் பார்ப்போம். அதைத் தளர்த்தியதோடு நிறுத்தாமல், முழுவதுமாக அவிழ்ப்போம்.